இடது மிதவை

இடது பக்கம் தாழ்ந்துவிட்டது. இனிமேல் அதை யாரும் மறைக்க முடியாது.

கரையில் நின்ற எர்ஸீலியாவுக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது.

சிவப்பு வண்ணம் பூசிய இரட்டை இறக்கை விமானம் வெனிஸ் காயலில் நங்கூரமிட்டுக் கிடந்தது. காலையிலிருந்து ஆறு மணி நேரம், யாரும் கை வைக்காமல், அது மிதந்து காட்ட வேண்டும். மிதந்தால் நாளைக்குப் போட்டியில் பறக்கலாம். மூழ்கினால் மூட்டை கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம்.

எர்ஸீலியாவுக்கு வீட்டுக்குத்தான் போக வேண்டும். விமானத்தை ஓட்டப்போகிறவன் அவள் கணவன், கடற்படை லெப்டினன்ட் ஒட்டோரீனோ.

வசந்த காலத்தில் இதே விமானம் சக்கரங்களோடு மைதானத்திலிருந்து கிளம்பி ஒரு கோப்பையை வாங்கியது. அதோடு விட்டார்களா? கடல் கோப்பையும் வேண்டுமாம். சக்கரங்களைக் கழற்றி எறிந்துவிட்டு இரண்டு மிதவைகளை மாட்டினார்கள்.

போன மாதம் ஒத்திகையில், தண்ணீரை விட்டு எழும்பும்போதே அது மூக்கைக் குத்திக்கொண்டு விழுந்தது. ஒட்டோரீனோவின் நண்பன் தூல்லியோ கழுத்து முறிந்து செத்தான். அவனைப் புதைப்பதற்கு முன்பே விமானத்தைப் பழுது பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். அடுத்து ஓட்டப்போவது யார் என்றும் முடிவு செய்துவிட்டார்கள்.

ஒட்டோரீனோ முடியாது என்று சொல்லவில்லை. சீருடை போட்டவன் அப்படிச் சொன்னால் அப்புறம் ஊரில் தலைகாட்ட முடியாது. அவள் அழுது பார்த்தாள், சண்டை போட்டுப் பார்த்தாள். அவன் பூட்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தான். பெண்டாட்டியைவிட வீம்பு பெரிதாகப் போய்விட்டது என்று அவள் மனசுக்குள் திட்டித் தீர்த்தாள்.

கரை முழுக்க ஜனம். பொரித்த மத்தியைத் தின்றுகொண்டே வேடிக்கை பார்த்தார்கள். தூல்லியோவின் அடக்கத்துக்கு இதில் கால்வாசிப் பேர்கூட வரவில்லை.

இறக்கையின் நுனி தண்ணீரைத் தொட்டது. மெக்கானிக் காஸ்பரே தொப்பியைக் கையில் வைத்துக் கசக்கிக்கொண்டிருந்தான்.

"கவுந்துரும் போல இருக்கே" என்றாள் எர்ஸீலியா, குரலில் சந்தோஷம் தெரியாமல் பார்த்துக்கொண்டு.

"இன்னும் நேரம் இருக்கு" என்றான் ஒட்டோரீனோ. விமானத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

மூழ்கித் தொலை சனியனே என்று அவள் வேண்டிக்கொண்டாள். மாதாவிடம்தான் வேண்டிக்கொண்டாள்.

ஆனால் அதற்குமேல் அது தாழவில்லை. ஒரு பக்கமாகச் சாய்ந்தபடி அப்படியே மிதந்தது.

ஆறு மணி நேரம் முடிந்து சங்கு ஊதியது. கூட்டம் கூத்தாடியது.

நடுவர் படகில் நின்றபடியே அறிவித்தார். விமானம் தேறிவிட்டது. ஆனால் மிதவைக்குள் புகுந்த தண்ணீரை வெளியேற்றக் கூடாது, விதி அப்படி. நாளைக்கு அந்தச் சுமையோடுதான் எழும்ப வேண்டும்.

காஸ்பரே ஓடி வந்தான். அவன் கண்களில் தண்ணீர்.

"எனக்குப் போன வாரமே இடது மிதவை மேல சந்தேகம் லெப்டினன்ட். ராப்பகலா உக்காந்து மிதவைக்குள்ள நடுவுல ஒரு தடுப்பு வெச்சேன். உங்ககிட்டகூடச் சொல்லல. ஒரு பாதி ரொம்பினாலும் மறு பாதி தூக்கி நிறுத்திரும். இனி உங்களப் பறக்கவிடாம தடுக்க எவனால முடியும்?"

ஒட்டோரீனோ அவனையே பார்த்தான். பிறகு இழுத்து அணைத்துக்கொண்டான்.

"நல்ல காரியம் பண்ணினடா."

காஸ்பரேயின் முதுகுக்குப் பின்னால் ஒட்டோரீனோவின் வலது கை விரிந்தது. எர்ஸீலியா மட்டும்தான் அதைப் பார்த்தாள்.

உள்ளங்கையில் ஒரு பித்தளைத் திருகு இருந்தது. இடது மிதவையின் அடியில், தண்ணீர் வடிக்கும் துளையை அடைக்கிற திருகு. இறுக்கிப் பிடித்ததில் தோல் கிழிந்து ரத்தம் கசிந்திருந்தது. காஸ்பரே பார்ப்பதற்குள் ஒட்டோரீனோவே போய் அதைத் திரும்ப மாட்டியாக வேண்டும்.

அவள் பார்ப்பதைப் பார்த்ததும் அவன் கையை மூடிக்கொண்டான்.

ஜனங்கள் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். அவனும் சிரித்தபடி எல்லோருக்கும் கையசைத்தான், இடது கையால்.