படகில் இரண்டாவது தொப்பி

இப்போதெல்லாம் சொன்ன வேலையைச் சொன்னபடி செய்கிற ஆளே கிடையாது. கோடு போடுவது நான். கோட்டுக்குள் நிறம் நிரப்புவது அடுத்த கொட்டகை. எங்கள் ஜிங்டேஜென் ஊரில் பீங்கான் வேலை அவ்வளவுதான். இதில் சொந்த யோசனைக்கு என்ன இடம்?

இன்று காலை சூளையைத் திறந்தார்கள். கரிபோல உள்ளே போன சித்திரங்கள் நீலமாக வெளியே வந்தன. நல்ல நீலம். அதில் நான் குறை சொல்ல மாட்டேன்.

ஒரு கிண்ணத்தில் மட்டும் படகில் இரண்டு தொப்பி.

நான் வரைவது ஒரே ஒரு செம்படவன். ஒரு தொப்பி, ஒரு தூண்டில். அவன் பக்கத்தில், கோடே போடாமல், வெறும் நிறத்தைத் தோய்த்து இன்னொரு ஆளை உட்கார வைத்திருந்தார்கள்.

மேஸ்திரி ஹூ கண்ணில் பட்டால் கிண்ணம் உடையும். நிரப்பியவருக்கு இன்றோடு வேலை போகும். நல்லவேளை, மேஸ்திரி வரிசையின் அந்தக் கோடியில் இருந்தார். நான் கிண்ணத்தைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு அடுத்த கொட்டகைக்குப் போனேன்.

என் படகுகளை நிரப்புவது நிங் அம்மாள். கணவன் இல்லாதவள். வாய் அதிகம்.

"யாரைக் கேட்டு இதைப் போட்டே?"

அவள் தூரிகையைக் கீழே வைக்கவில்லை. "மழையில அந்த மனுஷன் எத்தனை நாளைக்குங்க தனியா உட்காருவாரு?"

"அவன் மீன் பிடிக்கப் போனவன். பேச்சுத் துணைக்குப் போகலை."

"அப்புறம் எதுக்கு அவ்வளவு நீளப் படகு? போன மழையிலேர்ந்து நீட்டிக்கிட்டே போறீங்க."

"வயசாச்சு. கை இழுக்குது."

"படகுக்கு மட்டும் இழுக்குதாக்கும். தூண்டில் அப்படியேதானே இருக்கு."

பக்கத்துப் பெண்கள் குனிந்துகொண்டு சிரித்தார்கள்.

"தொப்பி ரொம்பப் பெரிசா இருக்கு," என்றேன்.

அவள் சுவரைக் காட்டினாள். ஆணியில் அவளுடைய மூங்கில் தொப்பி தொங்கியது. அதே அகலம். விளிம்பில் அதே கிழிசல்.

வெளியே வந்தேன்.

என் வீட்டில் ஒரு கிண்ணம் இருக்கிறது. ஒரு ஆளுக்கு அது போதும். ஆனாலும் இதைக் கீழே போட்டு உடைக்க மனம் வரவில்லை. சட்டைக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தேன்.

படகு ஒன்றும் அவ்வளவு நீளமில்லை.