வேர்க்குதாம்

“அவனுக்கு வேர்க்குதாம்,” என்று சொல்லி அம்மா ஃபேனை ஐந்தில் வைத்தாள்.

நான் அப்படிச் சொல்லவில்லை.

நான் எதுவும் சொல்லிப் பல வருடங்கள் ஆகின்றன. விபத்துக்குப் பிறகு என் சொல் கேட்பவை கண்கள் மட்டும்தான். நாக்கு அசையாது, விரல் அசையாது. உடம்பில் படுவதெல்லாம் தெரியும். அதைச் சொல்லத்தான் வழியில்லை.

ஒருமுறை இமைத்தால் ‘ஆமாம்’ என்று வீட்டில் ஏற்பாடு. மனிதன் சும்மாவும் இமைப்பான் என்பதை ஏற்பாடு செய்தவர்கள் யோசிக்கவில்லை. அம்மா கேட்பாள், நான் இமைப்பேன், அவள் வீட்டுக்கே அறிவிப்பாள். பசிக்குதாம். தூக்கம் வருதாம். டிவி சத்தம் தாங்கலையாம். பெரும்பாலும் சரியாகவே சொல்வாள், அதைக் குறை சொல்ல முடியாது.

ஃபேன் விஷயத்தில் மட்டும் கோட்டை விட்டுவிடுவாள். முகத்தில் காற்று அடித்தால் கண் தானாக இமைக்கும். இமைத்தால், வேர்க்குதாம். உடனே இன்னும் கொஞ்சம் காற்று.

கட்டிலுக்கு எதிரே அத்தான் எங்கள் பழைய கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அவர் லிஃப்ட் மெக்கானிக். கம்ப்யூட்டர் அக்கா கல்லூரியில் படித்தபோது வாங்கியது. ஆன் செய்தாலே பெருமூச்சு விடும். அதன் திரைக்குக் கீழே ஒரு கறுப்புப் பட்டையை ஒட்டியிருந்தார். பேச்சுப் பயிற்சி கொடுக்கும் டாக்டரம்மா இரவல் தந்தது. நான் எந்த எழுத்தைப் பார்க்கிறேனோ அந்த எழுத்தை அது திரையில் அடித்துவிடுமாம்.

கம்ப்யூட்டருக்குள் இருந்த பழைய சிஸ்டம் அந்தப் பட்டையைச் சட்டை செய்யவே இல்லை. புதியது ஏற்றினால்தான் ஆகும் என்றார்கள். காலையிலிருந்து இரண்டு முறை பாதி வரை ஏறி, பழையதற்கே திரும்பிவிட்டது. மாலையில் பட்டையைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். வேறொரு வீட்டில் என்னைப் போல் வேறொருவர் காத்திருக்கிறார்.

அத்தான் புது ரேம் போட்டார். வேண்டாததையெல்லாம் அழித்து இடம் பண்ணினார். மூன்றாவது முறையாக ஆரம்பித்தார்.

கணினியை அணைக்க வேண்டாம் என்று திரையில் வந்தது. அப்பாவுக்கு எது ஓடிக்கொண்டிருந்தாலும் சுவிட்சை அணைத்துவிடும் கை. தன் கையைத் தானே நம்பாமல், இரண்டையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

திரை கறுத்தது. கறுத்தே இருந்தது. அத்தான் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தார். வேண்டுதலா வசவா தெரியவில்லை.

பிறகு மெல்ல நீல வெளிச்சம் பரவியது. அதன் நடுவில் ‘வணக்கம்’ என்று எழுத்து வந்தது.

அப்பா பதிலுக்கு வணக்கம் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை.

அக்கா என் தலையணையை உயர்த்தி வைத்தாள். திரையில் ஒரு சின்ன வட்டம் தோன்றியது. நான் இடது பக்கம் பார்த்தேன், அது இடது பக்கம் போனது. மேலே பார்த்தேன், மேலே வந்தது. இத்தனை வருடங்களில் நான் நினைத்ததும் உலகத்தில் ஒரு பொருள் நகர்ந்தது அதுதான் முதல் முறை. நம்பாமல் இன்னும் நாலைந்து முறை அதை அலைய விட்டேன்.

முதல் சொல் எதுவென்று எப்போதோ முடிவு செய்துவிட்டேன். அம்மாவுக்கும் அது தெரியும். கைகளைப் பிசைந்துகொண்டு பக்கத்திலேயே நின்றாள்.

‘அ’வைப் பார்த்தேன்.

காற்று கண்ணில் அடித்தது. இமைத்துவிட்டேன், வட்டம் ஓடிவிட்டது. மறுபடி பார்த்தேன், மறுபடி ஓடியது. கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. பட்டைக்கு என் கண் பிடிபடவில்லை போலிருக்கிறது என்று சொல்லி, அத்தான் அதன் பெட்டியைத் தேட ஆரம்பித்தார்.

இனி நல்ல சொல்லுக்குக் காத்திருந்தால் காரியம் கெட்டுவிடும். இருக்கிற பலத்தையெல்லாம் கண்ணில் வைத்துக்கொண்டு வேறு எழுத்துக்குப் போனேன்.

‘கு’ விழுந்தது.

அத்தான் பெட்டியைக் கீழே போட்டார். அடுத்து ‘ள’ விழுந்ததும் அக்கா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சின்ன வயதில் அவளை நான் குள்ளி என்றுதான் கூப்பிடுவேன்.

அவளை ஏமாற்றியதற்கு வருத்தம்தான். என்ன செய்வது, சொல் ‘குளி’ என்று நின்றது.

குளிக்கணுமாம் என்று அறிவித்துவிட்டு அம்மா துண்டை எடுக்க ஓடினாள்.

அவள் துண்டோடு திரும்பி வருவதற்குள் மீதி எழுத்துகளும் விழுந்துவிட்டன.

குளிருது.

அறையில் ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. அம்மா திரையைப் பார்த்தாள், ஃபேனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். சுவரருகே போய் ரெகுலேட்டரை ஒவ்வொன்றாகக் குறைத்து, சுத்தமாக நிறுத்தினாள். சுவரைப் பார்த்தபடியே கொஞ்ச நேரம் நின்றாள். இத்தனை வருடத்து ராத்திரிகளை எண்ணுகிறாளோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

பிறகு வந்து போர்வையை என் கழுத்து வரை இழுத்துவிட்டாள். ஓரங்களைச் செருகினாள். அப்பா பக்கம் திரும்பி, வழக்கமான அதே அறிவிப்பை, பாதிக் குரலில் சொன்னாள்.

“அவனுக்குக் குளிருதாம்.”

நான் அப்படித்தான் சொன்னேன்.