வெறும் வாய்

ஈப்பிடிச் செடியில் கடைசியாக ஒரு வாய்தான் மிச்சமிருந்தது. வாய் என்பது இலைதான். உள்ளே இருக்கும் முடியை இரண்டு தரம் சீண்டினால் பட்டென்று மூடிக்கொள்ளும். ஒன்றும் சிக்கவில்லை என்று தெரிந்ததும் மறுநாள் மெல்லத் திறக்கும். இப்படி நாலைந்து தரம் வீணாக மூடினால் கருகிவிடும். சீசன் தொடங்கியதிலிருந்து பூங்காவின் கண்ணாடி வீட்டில் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தீக்குச்சியால் சீண்டிக் காட்டியே மாதம்மாள் ஐந்து வாய்களைக் கருக்கியிருந்தாள். இதுவும் போனால் செடியே போய்விடும் என்று சொல்லிப் பார்த்தாள். "காட்டத்தான உனக்குக் கூலி" என்றார் மேஸ்திரி.

அன்றைக்கு வந்தது மூன்றாவது பள்ளிக்கூடம். நின்று நின்று அவளுக்குக் கால் கடுத்தது.

"சீக்கிரம் காட்டும்மா, பஸ்ஸு நிக்குது" என்றார் வாத்தியார்.

குச்சியை எடுத்தாள்.

"அக்கா, இது கடைசியா எப்பச் சாப்பிட்டுச்சு?" என்று கேட்டாள் முன்னால் நின்ற சிறுமி.

மாதம்மாள் யோசித்துப் பார்த்தாள். "இங்க வந்ததிலேர்ந்து குச்சிதான் பாப்பா."

"பல்லு குத்தவா?" என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள்.

அவள் குச்சியை ஒடித்துப் போட்டாள். "ஈ வந்தா அதுவே மூடும். வராட்டி இன்னிக்கு இல்ல."

சிறுமி டிபன் பாக்ஸைத் திறந்து செடியருகே வைத்தாள். "எங்கம்மா வச்ச கருவாடு. வராம எங்க போவும்?"

மாதம்மாள் போய்க் கதவைத் திறந்துவிட்டாள். அடுத்த பள்ளிக்கூடத்தை மேஸ்திரி அழைத்து வரும் சத்தம் கேட்டது. பிள்ளைகள் ஒருவரும் அசையவில்லை. கதவு வழியாக வந்த ஈ ஒன்று இலையின் ஓரத்தில் உட்கார்ந்து, அவசரமில்லாமல் கால்களைத் தேய்த்துக்கொண்டிருந்தது.