நாலாம் குழி

அகழாய்வுக்கென்று ஒரு வலைப்பதிவு ஆரம்பித்திருந்தார்கள். மண் அள்ளுகிறவர்கள்கூட அதில் எழுதலாம், பார்த்ததை எழுதினால் போதும் என்று இயக்குநர் சற்குணமே அறிவித்திருந்தார். எழுதத் தெரியாதவர்கள் சொல்லச் சொல்ல, ஆய்வு மாணவி நாச்சியார் தட்டச்சு செய்வாள்.

நாலாம் குழியில் எழுத்து பொறித்த பானை ஓடு கிடைத்த செய்தி அன்று எல்லாப் பத்திரிகைகளிலும் வந்திருந்தது. அதை முதலில் கண்ட இருளாயி, மடிக்கணினிக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து சொன்னாள்: "முந்தின நாள் சாயங்காலம் நான்தான் குழியைக் கூட்டினேன். ஒண்ணுமில்ல. காலையில பார்த்தா ஓடு மேலாப்புல கிடக்கு. ராத்திரி பெஞ்ச மழையில குழியே சொதசொதன்னு இருக்கு, ஓடு மட்டும் காஞ்சிருக்கு."

நாச்சியாரின் விரல்கள் நின்றன. "அக்கா, இதைப் போட்டா என்ன ஆகும் தெரியுமா?"

"பார்த்ததைத்தானே கேட்டீங்க?"

கூடாரத்துக்குள்ளிருந்து சற்குணம் குரல் கொடுத்தார். "இருளாயி பதிவு ஏறிடுச்சாம்மா? நிறையப் பேர் காத்திருக்காங்க."

"இதோ சார்."

நாச்சியாரின் முனைவர் பட்டம் அவர் கையெழுத்தில் இருந்தது. மழையைப் பற்றிய வரிகளை அழித்தாள். இருளாயிக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எழுத்து குறைஞ்ச மாதிரி இருக்கே மேடம்."

நாச்சியாருக்குக் காது சுட்டது. வரிகளைத் திரும்ப அடித்தாள். "பேர் மட்டும் வேண்டாம்க்கா. வேலை போயிடும்."

"பேர் இல்லாட்டி யாரு நம்புவா?"

இருளாயியின் பெயரைப் போட்டு, கீழே தன் பெயரையும் சேர்த்து, பொத்தானை அழுத்தினாள்.

சற்று நேரத்தில் சற்குணம் கைபேசியைப் படித்தபடியே வெளியே வந்தார். நாச்சியார் எழுந்து நின்றாள். இருளாயி எழுந்திருக்கவில்லை.