வாசலில் நிற்கிறவள்

கூடத்தில் நான்கு பேர் இருந்தார்கள். மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர், அவருடைய மனைவி, அவருடைய அக்கா. நான்காவது ஆள், பல வருஷமாகக் கையில் பெட்டியோடு வாசற்படியில் நிற்கிற ஒருத்தி.

"அவ போகக் கூடாது. சொல்லிட்டேன்," என்றார் கடைக்காரர்.

"போகணும்னுதானே பெட்டியைக் கட்டினா," என்றாள் மனைவி.

"கட்டினவ பிரிக்கட்டும்."

அந்த ஒருத்தி நின்றது அவர் மடியிலிருந்த காகிதக் கட்டுக்குள். கல்யாணமான புதிதில் மனைவி எழுத ஆரம்பித்து, பாதியில் விட்டுப் பரணில் போட்ட நாவல். புருஷனை விட்டுக் கிளம்புகிறவள் வாசல் வரைக்கும் வந்திருந்தாள். அதற்கு மேல் ஒரு வரி கிடையாது. இப்போது ஒரு பதிப்பகம் கேட்கிறது என்று மனைவி தூசி தட்டி எடுத்திருந்தாள். கடைசி அத்தியாயம்தான் பாக்கி. சாயங்காலம் அவர்கள் ஆள் வந்து வாங்கிப் போவதாக ஏற்பாடு.

கடைக்காரர் அதை இன்றுதான் முதல் தடவையாகப் படித்தார். அதில் வருகிற புருஷன் எந்நேரமும் பல் குத்துகிறான். மனைவி வாயைத் திறந்தால் டிவி சத்தத்தைக் கூட்டுகிறான். படித்துக்கொண்டிருக்கும்போதே அவர் வாயிலிருந்த குச்சி நழுவிக் கீழே விழுந்தது.

"ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டி விடறவன், வீட்ல எழுதி வெச்சத இப்பத்தான் படிக்கிறியா?" என்றாள் அக்கா. "எழுதினா எழுதிட்டுப் போறா, விடுடா. அன்னிக்கு மேனேஜரோட சண்டை, வேலையே வேணாம்னு குதிச்சாளே, என்ன ஆச்சு? ஒருத்தி வேலையை விடற மாதிரி ஒரு கதை எழுதினா. மறுநாள் டிபன் பாக்ஸைத் தூக்கிட்டு ஆபீஸுக்குப் போயிட்டா."

"அது வேற, இது வேறக்கா. இதுல நான் இருக்கேன். நாளைக்குக் கடையில எவன் மூஞ்சியில முழிக்கிறது?"

வெளியே சொன்னது அது. உள்ளுக்குள் அவருக்கு வேறு பயம். எழுதிப் பார்த்தவளுக்கு வழி தெரிந்துவிடும்.

மனைவி அவரையே பார்த்தாள். "அவ இருந்துதான் ஆகணுமா?"

"ஆகணும்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. காலையிலேர்ந்து கடைசி அத்தியாயம் எழுதிட்டிருக்கேன். அவ தெருமுனை தாண்டியாச்சு."

"திருப்பிக் கூட்டிட்டு வா."

"அவ போனா எனக்கு நிம்மதியா இருக்கும்ங்க."

"எனக்கு இருக்காது."

அவள் எழுந்து உள்ளறைக்குப் போனாள். காகிதம் கிழிபடும் சத்தம் கேட்டது. பிறகு பேனாவின் சத்தம். கடைக்காரர் அறை வாசலிலேயே நின்றார். அது ஓடும்போது கதவோரம் காதை வைத்தார். நின்றபோது உள்ளே எட்டிப் பார்த்தார்.

கடைசிப் பக்கத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். வெடுக்கென்று வாங்கிப் படித்தார். போனவள் திரும்பி வந்திருந்தாள். பெட்டியைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு அடுப்பைப் பற்றவைத்தாள். அத்தோடு முற்றும்.

அவருக்குப் போன உயிர் வந்தது. "இது கதை. பாருக்கா, எப்படி முடிச்சிருக்கா."

அக்கா பக்கத்தை வாங்கவில்லை. தம்பி மனைவியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மனைவி கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"எங்க, பதிப்பகத்துக்கா? அந்த ஆளே வரேன்னானே."

"வந்தா நீங்களே கொடுத்துடுங்க. வரேன் அண்ணி."

வெளியே போய்க் கதவைச் சாத்தினாள். வெளிப்பக்கம் சாவி திரும்பியது. அடுத்த நொடி அந்தச் சாவி கதவிடுக்கு வழியாகச் சறுக்கிக்கொண்டு வந்து அவர் காலடியில் நின்றது.

"ஏய், என்னது இது?"

கதவுக்கு அந்தப் பக்கமிருந்து அவள் குரல் நிதானமாக வந்தது.

"அவளைப் போக விட்டிருந்தா, நான் இருந்திருப்பேன்."