யாரைக் குறைப்பது?

"சவுண்ட்காரரே, கீபோர்டைக் கொஞ்சம் குறைங்க. நான் வாசிக்கிறது எனக்கே கேக்கல."

மைக்கில் சொன்னது, ஆர்கன் வாசிக்கும் அண்ணன்.

"சவுண்ட்காரரே, காலுக்குக் கீழ ஒரு பெடல் இருக்கு, அதை மிதிச்சா ஆர்கன் சத்தம் ஏறும்னு அவர்கிட்ட சொல்லுங்க. காலை எடுத்தா இறங்கும், அதையும் சேர்த்துச் சொல்லுங்க."

இது, பக்கத்திலேயே கீபோர்டு வாசிக்கும் தம்பி.

கையை நீட்டினால் தொட்டுக்கொள்ளும் தூரம்தான். ஆனாலும் பேச்செல்லாம், ஹாலின் கடைசியில், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸரோடு உட்கார்ந்திருக்கும் சவுண்ட்காரர் வழியாகத்தான் போகும். கூடப்பிறந்தவர்கள் முகம் பார்த்துப் பேசி வருஷக்கணக்காகிறது. என்ன சண்டை என்று கேட்டால் இரண்டு பேருக்குமே ஒழுங்காகச் சொல்லத் தெரியாது.

சவுண்ட்காரர் இரண்டு குமிழையும் கொஞ்சம் கொஞ்சம் திருகினார். அவருக்கு இது பழகிப்போன தலைவலி.

முன்வரிசையில் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், இசைக்குழுவை நடத்தும் அக்கா. உறவு இல்லை, குழுவில் எல்லாருக்கும் அவர் அக்காதான். கம்பெனி விழா ஒன்றில் மதியம் புரோகிராம். காலையிலிருந்து ஒரே அலைச்சல். இதில் இவர்கள் வேறு.

"போதும், நிறுத்துங்க!" எழுந்தேவிட்டார். "என்னால முடியல. எப்படிச் சொல்றதுன்னு யோசிச்சிட்டிருந்தேன், நீங்களே வழி பண்ணிட்டீங்க. சனிக்கிழமையானா ஹோட்டல்ல வாசிக்கக் கூப்பிட்டிருக்காங்க. மேடை சின்னது, ஒரு ஆளைக் குறைச்சுட்டு வாங்கன்னுட்டாங்க. இனிமே நமக்கு வர்றதெல்லாம் அப்படித்தான் வரும். ஆர்கன், கீபோர்டு, ரெண்டுல ஒண்ணுதான். இன்னிக்கு ஹால்ல உக்காந்து கேக்கப் போறேன். எது காதுக்கு நல்லா இருக்கோ, அது இருக்கட்டும். இன்னொண்ணு வீட்டுக்குப் போகட்டும்."

அண்ணன் பெடலிலிருந்து காலை எடுத்தார்.

அண்ணனுக்குக் காலேஜில் படிக்கும் இரண்டு பெண்கள். தம்பி மனைவிக்கு இது எட்டாம் மாசம். வாசிப்பைத் தவிர இருவருக்கும் வேறு தொழில் தெரியாது. அக்காவுக்கு இதெல்லாம் தெரியும். தெரிந்ததால்தான் இத்தனை நாள் சொல்லாமல் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தார்.

டீ வந்தது.

டம்ளரும் கையுமாக அண்ணன் மெல்ல நழுவி, மிக்ஸர் மேஜைப் பக்கம் போவதை அக்கா ஓரக்கண்ணால் பார்த்தார். அண்ணன், சவுண்ட்காரர் தோளில் கையைப் போட்டுக் காதோடு ஏதோ சொன்னார். சவுண்ட்காரர் முடியாது என்று தலையை ஆட்டினார். அண்ணன் விடவில்லை. கையைப் பிடித்துக்கொண்டார். கடைசியில் சவுண்ட்காரர் சரி என்றார்.

அண்ணன் அந்தப் பக்கம் போனாரோ இல்லையோ, தம்பி வந்து நின்றான். அதே காது, அதே குசுகுசு. காலில் விழாத குறையாகக் கெஞ்சினான்.

"பாத்தியா?" பக்கத்திலிருந்த பாடகியிடம் அலுத்துக்கொண்டார் அக்கா. "நான் சொல்லி வாயை மூடல. அதுக்குள்ள ஒருத்தனுக்கு ஒருத்தன் குழி தோண்ட ஆரம்பிச்சாச்சு."

"சொந்த அண்ணன் தம்பி, இப்படியுமாக்கா இருப்பாங்க?"

"தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும்பாங்க. இதுங்களுக்கு எதுவும் ஆடாது. நானும் பாவம் பாவம்னு தூக்கமில்லாம கிடந்தேன் பாரு, என்னைச் சொல்லணும். இப்ப ஒரு நிம்மதி. யாரை அனுப்பினாலும் எனக்கு வருத்தமில்ல."

புரோகிராம் ஆரம்பித்தது.

பாடகி பல்லவியைப் பாடி நிறுத்தினாள். இனி ஆர்கன் ஒரு கேள்வி கேட்க, கீபோர்டு பதில் சொல்ல வேண்டும். அந்தப் பாட்டுக்கு உயிரே அந்த இடம்தான். அக்கா காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

கேள்வியும் வரவில்லை, பதிலும் வரவில்லை. டிரம்ஸ் மட்டும் தனியாகத் தட்டிக்கொண்டிருந்தது.

மேடையில் அண்ணனும் தம்பியும் தலை குனிந்து உருகி உருகி வாசித்துக்கொண்டிருந்தார்கள். மேடைக்குள்ளேயே வைத்த சின்ன ஸ்பீக்கரில் அவர்களுக்கு எல்லாம் நன்றாகக் கேட்கும். ஹாலுக்கு எது போகிறது, எது போகவில்லை என்பது மிக்ஸருக்குத்தான் வெளிச்சம்.

"என்ன, ஊமைப் படமா?" என்று யாரோ கேட்க, பின்வரிசையில் சிரிப்பு.

அக்கா மிக்ஸர் மேஜைக்கு ஓடினார்.

"என்னய்யா நடக்குது? ஆர்கன் எங்கே? கீபோர்டு எங்கே?"

சவுண்ட்காரர் தலையை நிமிர்த்தவில்லை. "ரெண்டையும் இறக்கி வெச்சிருக்கேன்க்கா."

"யாரைக் கேட்டு இறக்கினே?"

சவுண்ட்காரர் ஒரு வயரைச் சரிசெய்வதுபோல இன்னும் குனிந்தார்.

"வாயைத் திறக்கப் போறியா, இல்ல உன் சீட்டையும் சேர்த்துக் கிழிக்கவா?"

"சொல்லக் கூடாதுன்னு ரெண்டு பேரும் என்கிட்ட சத்தியம் வாங்கியிருக்காங்கக்கா."

"நீ என்ன சொல்றது? அதான் நானே பாத்தேனே! பெரியவன் வந்து தம்பியை அமுக்குன்னான். சின்னவன் வந்து அண்ணனை அமுக்குன்னான். நீயும் ரெண்டு பேர் பேச்சையும் கேட்டு ஆடியிருக்கே!"

சவுண்ட்காரர் இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார்.

"இல்லக்கா. ஆர்கனைக் குறைக்கச் சொன்னது அண்ணன். கீபோர்டைக் குறைக்கச் சொன்னது தம்பி."