பின் சீட்டுப் பாரம்

"ஐயா, தப்பா நினைக்காதீங்க. கொஞ்சம் பின் சீட்டுல ஏறி உட்காருங்க. உங்களை வெச்சுத்தான் டயரோட அகலத்தை முடிவு பண்ணணும்."

டயர் கடைக்காரர் இப்படிச் சொன்னதும் மாப்பிள்ளை அவசரமாகக் குறுக்கே வந்தான். கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் மாமனாரை எடைக்கல் ஆக்கச் சொல்கிறாரே இந்த மனுஷன்!

"மாமா, நீங்க சிரமப்பட வேணாம்..."

"இதுல என்ன சிரமம் மாப்பிள்ளை?"

மாமனார் மூச்சைப் பிடித்துக்கொண்டு, கார் ஒரு பக்கமாகச் சாய, உள்ளே நுழைந்தார். உறவுக்காரர்கள் முதுகுக்குப் பின்னால் அவரை 'பீரோ' என்பார்கள். சும்மா சொல்லக் கூடாது, பொருத்தமான பெயர்தான்.

கல்யாணத்துக்கு முன்பே மாப்பிள்ளை தன் காருக்குக் குட்டை ஸ்பிரிங் போட்டுத் தரையோடு தரையாக இறக்கிவிட்டிருந்தான். கார் இறங்கியது சரி, பழைய ஒல்லிச் சக்கரங்கள் மட்கார்டுக்குள் பதுங்கிக் கிடந்தன. அகலமான டயர் போட்டு, சக்கரத்தை மட்கார்டு விளிம்பு வரை வெளியே கொண்டுவர வேண்டும் என்பது அவனுடைய நெடுநாள் ஆசை.

அதைவிடப் பெரிய ஆசை, அந்தக் காரில் புது மனைவியோடு தனியாக மலைக்குப் போய்வருவது. அதில்தான் மண் விழுந்துவிட்டது. "மலைப் பாதை, வளைவு நெளிவு. சின்னஞ்சிறுசுகளைத் தனியா அனுப்ப முடியாது. நாங்களும் வர்றோம்" என்று மாமியார் சொல்லிவிட்டார். அவர் ஒன்று சொல்லிவிட்டால் அந்த வீட்டில் மின்விசிறிகூட எதிர்த்துச் சுற்றாது. இந்த மாமனாராவது வாயைத் திறந்தாரா? "ஆமாமா, வர்றோம்" என்று பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினார். அன்றிலிருந்தே அவர்மேல் மாப்பிள்ளைக்கு உள்ளுக்குள் கடுப்பு.

கடைக்காரர் பின்பக்கம் ஒரு புதுச் சக்கரத்தை மாட்டி வைத்திருந்தார். பளபளவென்று கறுப்பு.

"இது ஆஃப்செட் முப்பது. இந்த நம்பர் குறையக் குறைய சக்கரம் வெளிய வரும். டயரும் அகலம். முன்னாடி ரெண்டு பேர் மட்டும் போனா ராஜா மாதிரி போகலாம்." மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே விரலை நுழைக்கப் பார்த்தார். நுழையவில்லை. "ஆனா ஐயா ஏறினதும் மட்கார்டு டயர் மேலயே வந்து உட்கார்ந்துடுச்சு. பள்ளத்துல விட்டா உரசும். டயர் கிழிஞ்சுதுன்னா, மலையில நின்னு காத்து வாங்க வேண்டியதுதான்."

"வேற வழி இல்லையா?"

"இருக்கு. ஆஃப்செட் நாப்பத்தஞ்சு, ஒல்லி டயர். உள்ள அடங்கிடும், எத்தனை பேர் ஏறினாலும் உரசாது. ஆனா..." கடைக்காரர் உதட்டைப் பிதுக்கினார். "இவ்வளவு இறக்கின கார்ல அதை மாட்டினா, அண்ணன் சட்டையைத் தம்பி போட்ட மாதிரி இருக்கும். எதுக்கும் அகலத்தையே யோசிங்க சார்."

மாப்பிள்ளை அந்தக் கறுப்புச் சக்கரத்தை ஏக்கத்தோடு பார்த்தான். பின் சீட்டில், தனக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்பதுபோல் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார் மாமனார். மாப்பிள்ளைக்கு அழுகையே வந்தது. என்ன செய்வது, வளர்ப்பு அப்படி.

"ஒல்லி டயரே போடுங்க. அத்தையும் மாமாவும் வரணும்ல."

படாரென்று பின் கதவு திறந்தது.

"யாரைக் கேட்டு ஒல்லி டயர்?" மாமனார் பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாகக் கத்தினார். "என்னை ஏத்தி உட்கார வெச்சு, விரலை விட்டு அளந்து பார்த்து, கடைசியில பாவப்பட்டு ஒல்லி டயரா? நான் என்ன சிமெண்ட் மூட்டையா?"

"ஐயோ மாமா, நான் அப்படிச் சொல்லவே இல்ல..."

"பேசாதீங்க மாப்பிள்ளை! எனக்காக ஒல்லி டயர் மாட்டின கார்ல நான் காலை வைக்க மாட்டேன். தம்பி, அந்த அகல டயரையே நாலு பக்கமும் மாட்டு!"

கையோடு மனைவிக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரையும் தட்டிவிட்டார்.

"கேட்டியாடி கதையை? என்னைக் கார்ல ஏத்தி எடை பார்த்துட்டாங்க. வண்டி தாங்கலையாம்!"

"என்னது? யாரு சொன்னது? இருங்க, நானே அங்க வந்து கேக்கறேன்!"

"வா, வா. அடுத்தது உன்னைத்தான் ஏத்திப் பார்க்கணுமாம்."

மறுமுனையில் குரல் சட்டென்று மெலிந்தது. "எனக்கு முட்டி வேற வலிக்குதுங்க. அவங்களே போய்ட்டு வரட்டும்."

மாப்பிள்ளைக்கு உள்ளுக்குள் பட்டாசு வெடித்தது. வெளியே காட்ட முடியுமா? முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, "உங்க பொண்ணுகிட்ட சொல்லிட்டு வந்துடறேன் மாமா" என்று போனோடு வாசலுக்கு ஓடினான்.

அவன் தலை மறைந்ததும், கடைக்காரர் கையைத் துணியில் துடைத்தபடி மாமனாரை நெருங்கினார்.

"ஐயா, 'நான் ஏறினா உரசற சக்கரமா எடுத்து வை'ன்னு நேத்து நீங்க தனியா வந்து சொன்னீங்க. நானும் வெச்சேன். எதுக்குங்க இந்த நாடகம்?"

வாசலில் போனைக் காதில் வைத்துக்கொண்டு குதித்துக்கொண்டிருந்த மாப்பிள்ளையைப் பார்த்தபடியே மாமனார் சொன்னார்:

"கல்யாணமான புதுசுல நாங்க கிளம்பின முதல் பயணத்துல, என் மாமனாரும் மாமியாரும் பின் சீட்டுல ஏறிக்கிட்டாங்க தம்பி. பாழாப்போன அந்தக் காருக்கு ஒல்லி டயர், போய்ச் சேர்ற வரைக்கும் உரசவே இல்ல!"